கண்ணாடியில் அசையாத புள்ளி

2009 ஆகஸ்ட் 8, சனிக்கிழமை. நியூயார்க்கில் நல்ல வெயில், தெளிவான வானம். நியூ ஜெர்சியில் உள்ள டீட்டர்பரோ விமான நிலையத்திலிருந்து ஒற்றை என்ஜின் பைப்பர் விமானம் ஒன்று காலை 11:48-க்குக் கிளம்பியது. உள்ளே விமானியையும் சேர்த்து மூன்று பேர். ஹட்சன் ஆற்றின் எதிர்க்கரையில், மன்ஹாட்டன் 30ஆம் தெருப் பக்கமுள்ள தளத்திலிருந்து சுற்றுலா ஹெலிகாப்டர் ஒன்று மேலெழுந்தது. நகரை மேலிருந்து பார்க்க வந்த ஐந்து இத்தாலியர்களும் விமானியும் அதில் இருந்தார்கள். 11:53-க்கு, ஆற்றின் மேல் சுமார் 1,100 அடி உயரத்தில், இரண்டும் மோதின. ஒன்பது பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பைப்பர் தரையை விட்டு ஐந்தே நிமிடம் ஆகியிருந்தது.

இதைக் கேட்டவுடன் எல்லாருக்கும் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: அவ்வளவு பெரிய வானத்தில் இரண்டு சின்ன விமானங்கள் எப்படிப் போய் மோதிக்கொள்ளும்? நியாயமான கேள்வி. ஆனால் சின்ன விமானங்கள் வானம் முழுக்கப் பரவிப் பறப்பதில்லை. எல்லாருக்கும் வேண்டியது அதே ஓடுபாதை. இறங்க வருகிறவர், இப்போதுதான் ஏறியவர், பயிற்சிக்காகத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் மாணவர் என எல்லாரும் இரண்டு மூன்று கிலோமீட்டர் வட்டாரத்துக்குள், ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்துக்குள் வந்து சேர்கிறார்கள். நல்ல வெளிச்சம் உள்ள நாளில்தான் இப்படிப் பறக்கக் கிளம்புகிறவர்கள் அதிகம். சின்ன விமானங்களின் மோதல்களில் பெரும்பாலானவை பட்டப்பகலில், தெளிவான வானிலையில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நடப்பதற்கு இதுதான் காரணம்.

பெரிய பயணிகள் விமானங்களின் கதை வேறு. ரேடாரில் பார்த்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டாளர் அவற்றுக்கிடையே இடைவெளி வைத்து அனுப்புகிறார். 1996 நவம்பர் 12 அன்று டெல்லியிலிருந்து அப்போதுதான் கிளம்பிய சவூதி விமானமும், இறங்க வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் மோதி 349 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, நெருங்கி வரும் விமானத்தைத் தானாகவே கண்டுபிடித்து ‘ஏறு’, ‘இறங்கு’ என்று விமானிக்குச் சொல்லும் கருவி இந்தியாவில் பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமானது. நான்கு இருக்கை செஸ்னாவில் அந்தக் கருவி பொதுவாக இருக்காது. கட்டுப்பாட்டுக் கோபுரமே இல்லாத விமான நிலையங்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே பறப்பவருக்கு அடிப்படை விதி மிகப் பழையது: கண்ணால் பார், பார்த்தால் விலகு.

கேட்க எளிதாக இருக்கும் இந்த விதி எவ்வளவு கடினமானது என்பதைப் புரிந்துகொண்டால், விமானிகள் ஏறியவுடன் செய்யும் மற்ற எல்லாம் தானாகவே புரிந்துவிடும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகவே போகிறேன்.

வயல்வெளியில் இரண்டு நேர்ச் சாலைகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்தை மனதில் கொண்டுவாருங்கள். நீங்கள் காரில் அந்தச் சந்திப்பை நோக்கிப் போகிறீர்கள். வலப்பக்கச் சாலையில் ஒரு லாரி வருகிறது. ஜன்னல் வழியே பார்க்கும்போது லாரி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போனால், நீங்கள் முந்திக் கடந்துவிடுவீர்கள். முன்னுக்கு நகர்ந்தால் லாரி முந்திவிடும். இரண்டும் இல்லாமல், கண்ணாடியில் முதலில் எந்த இடத்தில் தெரிந்ததோ அதே இடத்திலேயே நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால்? அப்போது இருவரும் ஒரே நொடியில் சந்திப்புக்கு வந்து சேர்வீர்கள்.

வானத்திலும் இதே கணக்குதான். மோதப்போகும் விமானம் கண்ணாடியில் நகராது. நம் கண்ணோ நகர்வதைத்தான் சட்டென்று பிடிக்கும். மரத்தில் அசையாமல் இருக்கும் ஓணான் தெரியாது, ஓடினால் தெரியும். ஆபத்தில்லாத விமானம் கண்ணாடியில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடித் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஆபத்தான விமானமோ, கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக் கறை போல ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த இடம் ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் அமைந்துவிட்டால் இன்னும் மோசம். நகராத பொருள் என்பதால், மோதும் வரை சட்டத்துக்குப் பின்னாலேயே மறைந்திருக்கும். ஒரு விமானி அடிக்கடி தலையை முன்னே சாய்த்து, பக்கவாட்டில் நகர்த்திப் பார்ப்பதன் காரணம் இதுதான். சட்டத்துக்குப் பின்னால் யாராவது இருந்தால் அந்த அசைவில்தான் வெளியே தெரிவார்.

இப்போது அளவைப் பார்ப்போம். எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கான ஆலோசனைக் குறிப்பில் ஒரு கணக்கைத் தந்திருக்கிறது. பொருள் கண்ணில் பட 0.1 நொடி. அது விமானம் என்று புரிய 1 நொடி. நம்மோடு மோதும் பாதையில் வருகிறது என்று உணர 5 நொடி. எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 நொடி. கைகால் இயங்க 0.4 நொடி. விமானம் அதற்கு இணங்கித் திரும்ப 2 நொடி. மொத்தம் 12.5 நொடி.

இரண்டு செஸ்னா 172 விமானங்கள், ஒவ்வொன்றும் 90 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 167 கிலோமீட்டரில், நேருக்கு நேர் வருவதாக வைத்துக்கொள்வோம். அவை நொடிக்கு ஏறத்தாழ 93 மீட்டர் நெருங்குகின்றன. 12.5 நொடிக்கு முன்னால் இடைவெளி 1,150 மீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்தில் 11 மீட்டர் அகல இறக்கை எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள். அதில் பாதியைச் சற்றே தாண்டும் அகலத்தில், மெல்லிய ஒரு கோடு. நடுவே இருக்கும் உடற்பகுதி ஒரு ரவைத் துகள் அளவு. விமானி தப்பிக்க வேண்டுமானால் அந்த ரவையை அந்த நொடியிலேயே பார்த்தாக வேண்டும்.

ஆறு நொடி இருக்கும்போது அந்தக் கோடு ஒன்றேகால் சென்டிமீட்டர்கூட இருக்காது. மூன்று நொடி இருக்கும்போது கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர். கடைசி நொடியில் ஏழு. வெகுநேரம் ஒன்றுமே மாறாதது போல இருந்துவிட்டு, முடிவில் பூ விரிவது போலக் கண்ணாடியை நிறைத்துவிடும். உயிர் தப்பிய விமானிகள் பலர் ‘எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை’ என்று சொல்வதில் வியப்பில்லை. அது எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயேதான் இருந்தது.

கண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. கூர்மையாகப் பார்ப்பது பார்வையின் நடுவில் உள்ள சிறிய பகுதி மட்டும்தான். அதனால் வானத்தைப் பத்துப் பத்து டிகிரித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு நொடி கண்ணை நிறுத்திப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். தலையைச் சுழற்றி ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் எதுவும் பதியாது. இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை 180 டிகிரியை இப்படி முடிக்க 18 நொடி தேவை. மேல், கீழ் இன்னும் பாக்கி. நமக்கிருப்பதோ 12.5 நொடி.

ஹட்சன் மோதலை ஆராய்ந்த என்.டி.எஸ்.பி., அதாவது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இதையேதான் முதல் காரணமாகச் சொன்னது. பைப்பர் விமானியின் கண்ணாடியில் அந்த ஹெலிகாப்டர், நகரத்துக் கட்டடங்களின் பின்னணியில், ஏறக்குறைய அசையாத ஒரு சின்னப் பொருளாகவே கடைசி நொடிகள் வரை இருந்திருக்கும். அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மனிதக் கண்ணிடம் அதனால் முடியாத ஒன்றை எதிர்பார்த்திருக்கிறோம்.

ஏறும்போது ஏன் இன்னும் கடினம்

டேக்-ஆஃப் ஆன உடனே விமானத்தின் மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். இடது இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் தெரிவது கருவிப் பலகையின் மேல் விளிம்பும் நீல வானமும். நேர் முன்னே, சற்றுக் கீழே யாராவது போய்க்கொண்டிருந்தால் மூக்குக்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள். அதே நிமிடத்தில்தான் வேலையும் அதிகம்: வேகம் சரியா, என்ஜின் சீராக ஓடுகிறதா, கிளம்புவதற்காக நீட்டிய இறக்கையின் பின்விளிம்பு மடிப்பை (ஃபிளாப்) உள்ளிழுத்தாயிற்றா, ரேடியோவில் யார் என்ன சொன்னார்கள். கண் உள்ளே இழுக்கப்படும் நேரமும் வெளியே மிகவும் தேவைப்படும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

இறக்கையும் மறைக்கும். செஸ்னா 172-இல் இறக்கை தலைக்கு மேலே. கீழே நன்றாகத் தெரியும், மேலே தெரியாது. திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கத்து இறக்கையே தாழ்ந்து ஜன்னலை மூடிவிடும். பைப்பர் செரோக்கி போன்றவற்றில் இறக்கை கீழே. மேலே தெரியும், கீழே தெரியாது. கீழிருந்து ஒரு செஸ்னா ஏறிவர, மேலே ஒரு செரோக்கி மெதுவாக இறங்கினால், இருவருமே ஒருவர் மற்றவருடைய குருட்டுப் பகுதியில் இருப்பார்கள். நேருக்கு நேர் மோதுவதுதான் வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், வேகமான விமானம் மெதுவான ஒன்றைப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ எட்டிப் பிடிப்பதுதான் அதிகம். ஹட்சனிலும் விமானம்தான் ஹெலிகாப்டரை எட்டிப் பிடித்தது.

அதனால் நல்ல விமானியின் தற்காப்பு, ஓடுபாதையில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கோபுரம் இல்லாத இடங்களில், ஓடுபாதையின் வாயிலில் நின்று விமானத்தைத் தரையிலேயே ஒரு முழு வட்டம் சுற்றுகிறவர்களைப் பார்க்கலாம். இறங்க வரும் பாதையில் யார் இருக்கிறார்கள், பக்கவாட்டில் யார் இருக்கிறார்கள் என்று இறக்கை மறைக்காமல் பார்த்துக்கொள்ளும் வழி அது. வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் முன்விளக்கைப் போட்டுக்கொள்கிறார்கள். அசையாத புள்ளி மின்னினால் கண்ணில் படும் வாய்ப்பு கொஞ்சமாவது கூடும்.

மேலே போனதும் மூக்கை அவ்வப்போது சற்றுத் தாழ்த்தி முன்னால் பார்ப்பது ஒரு பழக்கம். பாதுகாப்பான உயரம் வந்த பிறகு, செங்குத்தாக ஏறாமல் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, மூக்கைத் தாழ்த்தி ஏறுவார்கள். நீண்ட ஏற்றமாக இருந்தால் இடமும் வலமும் மெல்ல வளைந்து வளைந்து போவார்கள். இந்த வளைவுகள் இரண்டு வேலையைச் செய்கின்றன: மூக்குக்குப் பின்னால் மறைந்திருப்பதைக் காட்டுகின்றன, நம்மை நோக்கி வரும் இன்னொருவர் கண்ணில் நம்மை நகரவும் வைக்கின்றன. இரண்டாவதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. நாம் நேராகப் போகும் வரை, மோதும் பாதையில் வருகிற விமானிக்கு நாமும் ஓர் அசையாத புள்ளிதான்.

எல்லாரும் அறிந்த பாதை

எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் பார்ப்பது எளிது. சர்க்யூட் என்று விமானிகள் சொல்லும் சுற்றுப்பாதை அதற்காகத்தான் இருக்கிறது. ஓடுபாதையை ஒரு பக்கமாக வைத்து வானத்தில் ஒரு செவ்வகத்தை வரைந்துகொள்ளுங்கள். காற்றை எதிர்த்து ஏறும் நேர்கோடு முதலில். பிறகு இடப்பக்கம் திரும்பினால் கிராஸ்விண்ட். மறுபடி இடப்பக்கம் திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட். அப்புறம் ஓடுபாதைப் பக்கம் திரும்பி வரும் பேஸ். கடைசியாக ஓடுபாதைக்கு நேராக இறங்கும் ஃபைனல். வழக்கமாக எல்லாத் திருப்பங்களும் இடது. டவுன்விண்டின் உயரம் பெரும்பாலும் தரையிலிருந்து 1,000 அடி.

ஏறியவருக்கு இதில் எஃப்.ஏ.ஏ. சொல்லும் ஒழுங்கு இது. சுற்றிலேயே இருக்கப் போகிறாரென்றால், ஓடுபாதையின் முடிவைத் தாண்டி, சுற்று உயரத்துக்கு 300 அடி பாக்கி இருக்கும்போது, அதாவது சுமார் 700 அடியில்தான் கிராஸ்விண்டுக்குத் திரும்ப வேண்டும். வெளியூர் போகிறவராக இருந்தால் நேராகவே போகலாம். அல்லது சுற்று உயரம் வந்த பிறகு 45 டிகிரி திரும்பி விலகலாம். இந்த விதியில் ஏதோ சம்பிரதாயம் இருப்பது போலத் தோன்றும். 400 அடியிலேயே ஒருவர் அவசரமாகத் திரும்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: டவுன்விண்டில் ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பவரின் இறக்கைக்கு அடியில், அவர் யாரையும் எதிர்பார்க்காத இடத்தில் போய் முளைப்பார்.

இன்னொரு சிக்கலான நேரம் உண்டு. இறங்க வந்தவர் ஏதோ சரியில்லை என்று இறங்காமல் மீண்டும் ஏறுகிறார். அதே நேரம் ஓடுபாதையிலிருந்து இன்னொருவர் கிளம்பிவிட்டார். இப்போது ஒருவர் தலைக்கு மேல் மற்றவர். கீழிருப்பவருக்கு மேலே இருப்பது தெரியாது. மேலிருப்பவருக்குத் தன் மூக்குக்குக் கீழே தெரியாது. அதனால் மீண்டும் ஏறுகிறவர் ஓடுபாதையின் வலப்பக்கமாகச் சற்று ஒதுங்கி ஏற வேண்டும். அவர் உட்கார்ந்திருப்பது இடது இருக்கை. ஒதுங்கினால் ஓடுபாதையும் கிளம்புகிறவரும் அவருடைய இடது ஜன்னலில் தெரிவார்கள். பறக்கப் பழகும் ஒருவர் நண்பராக இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது அவரிடம் கேட்டுப் பாருங்கள். காரணத்தோடு சொல்கிறவர் நன்றாகப் படித்திருக்கிறார் என்று நம்பலாம்.

வழிவிடும் விதிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நம் சாலைகளில் இடப்பக்கம் ஒதுங்கிப் பழகியவர்களுக்கு இது தலைகீழ். குறுக்கே சந்தித்தால் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முதலுரிமை. முந்துகிறவர் வலமாக விலகி முந்த வேண்டும். இறங்குகிறவருக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும்.

காதும் திரையும்

கோபுரம் இல்லாத நிலையத்தில் எல்லாரும் ஒரே பொது அலைவரிசையில் தங்கள் இடத்தைத் தாங்களே அறிவித்துக்கொள்கிறார்கள். ஊர்ப் பெயர், விமானம் எது, எந்த ஓடுபாதை, என்ன செய்யப் போகிறேன், மறுபடி ஊர்ப் பெயர். கடைசியில் பெயரைத் திரும்பச் சொல்வது வீண் அல்ல. பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் பல ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆரம்பத்தைத் தவறவிட்டவர் முடிவைக் கேட்டாவது ‘இது நம்ம இடம்’ என்று விழித்துக்கொள்வார்.

ஆனால் கேட்டதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் சர்க்யூட்டில் இருந்த ஒரு சின்ன செஸ்னா 152-ம், தூரத்திலிருந்து நேராக இறங்க வந்த இரட்டை என்ஜின் செஸ்னா 340-ம் மோதி மூன்று பேர் இறந்தார்கள். இருவரும் ரேடியோவில் பேசியிருந்தார்கள். பெரிய விமானம் வேகமாக வருவதைச் சின்ன விமானத்தின் விமானி கவனித்து, இறங்காமல் மீண்டும் ஏறப் போவதாகவும் அறிவித்திருந்தார். நேராக வந்ததன் வேகம் சுமார் 180 நாட். ‘மூன்று மைலில் இருக்கிறேன்’ என்பது மெதுவான விமானியின் காதில் இரண்டு மூன்று நிமிட அவகாசமாக ஒலிக்கும். 180 நாட்டில் அது ஒரே நிமிடம்.

கடைசியாகத் திரை. இன்று ஏ.டி.எஸ்.-பி. என்ற கருவி விமானத்தின் இடத்தையும் உயரத்தையும் நொடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. மற்ற விமானங்கள் அதை வாங்கித் திரையில் காட்டுகின்றன. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் குறிப்பிட்ட வான்பகுதிகளில் இந்த ஒலிபரப்பு கட்டாயம். அசையாத புள்ளியை மனிதக் கண் விட்டுவிடும், கருவி விடாது என்பதால் இதன் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் கருவி வாய் திறந்து எச்சரித்தால்தான் முழுப் பலன். 2019 மே 13 அன்று அலாஸ்காவில் கெட்சிகனுக்கு அருகே இரண்டு சுற்றுலாக் கடல்விமானங்கள் மோதி ஆறு பேர் இறந்தார்கள். இரண்டிலும் மற்ற விமானங்களைக் காட்டும் வசதி இருந்தது. ஒலியாகவோ ஒளியாகவோ எச்சரிக்கை மட்டும் வரவில்லை என்று என்.டி.எஸ்.பி. பதிவு செய்தது. தொடர்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லவும் முடியாது. கண் வெளியே இருக்க வேண்டும். அதே சமயம், மின்சார அமைப்பே இல்லாத பழைய விமானங்கள் திரையில் வராமலேயே பறந்துகொண்டிருக்கக்கூடும்.

ஹட்சனில் இவை ஒவ்வொன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. டீட்டர்பரோ கட்டுப்பாட்டாளர் அந்த நேரத்தில் வேலைக்குத் தொடர்பில்லாத தொலைபேசிப் பேச்சில் இருந்தார். பைப்பரை அடுத்த கட்டுப்பாட்டு மையமான நியூவார்க்குக்கு மாற்றிவிட்டபோது, விமானி அலைவரிசையைத் தவறாகத் திருப்பிச் சொன்னதை அவர் கவனிக்கவில்லை. விமானி நியூவார்க்கோடு பேசவேயில்லை. முன்னால் மற்ற போக்குவரத்து இருப்பதை நியூவார்க் டீட்டர்பரோவுக்குச் சொல்ல, டீட்டர்பரோ கூப்பிட்டுப் பார்த்தது, பதில் இல்லை. ஆற்றின் மேல் பறப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 123.05 என்ற அலைவரிசையிலும் அவர் இல்லை. இரண்டு விமானிகளிடமும் மற்ற விமானங்களைக் காட்டும் மின்னணு வசதி இருந்தும் பயன்படவில்லை. மிஞ்சியது கண் மட்டும்.

அந்த 2009 நவம்பரிலேயே விதிகள் மாறின. ஆற்றோரமாகச் சுற்றிப் பார்க்கிறவர்கள் 1,000 அடிக்குக் கீழேயும், கடந்துபோகிறவர்கள் 1,000 அடிக்கும் 1,300 அடிக்கும் இடையிலும் பறக்க வேண்டும். வேகம் 140 நாட்டைத் தாண்டக் கூடாது. வடக்கே போகிறவர் கிழக்குக் கரையை ஒட்டி, தெற்கே போகிறவர் மேற்குக் கரையை ஒட்டி. விளக்குகள் எரிய வேண்டும். 123.05-இல் இடத்தை அறிவிப்பது கட்டாயம். இன்று ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேல் வரும் விமானி தான் எந்த விமானம், எவ்வளவு உயரத்தில், எந்தத் திசையில் போகிறேன் என்று சொல்கிறார். சொல்லிவிட்டு, ஆற்றின் நடுவைத் தாண்டி எதிர்க்கரைப் பக்கம், சற்றுத் தாழ்வாக, கட்டடங்களுக்கு முன்னால் ஏதாவது நிற்கிறதா என்று பத்து டிகிரித் துண்டாகப் பார்த்துக்கொண்டே போகிறார்.